ஜேர்மன் மொழிப் பல்கலைக்கழகத்தில் படிப்பு: காணியை விற்குமுன் கணக்குப் பார்ப்போம்



வஹகோட்டைப் பகுதியிலும் மாத்தளை மாவட்டத்தின் ஏனைய குடியேற்றங்களிலும் வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் பல, ஒரு முறையேனும் ஊரை விட்டுப் பெயர்ந்தவை. சிலர் கலவரத்தாலும் போராலும் வந்தார்கள். சிலர் மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக வயலை விட்டார்கள். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியும் மண்சரிவும் இன்னும் பலரை வீடிழக்கச் செய்தன. இத்தகைய குடும்பங்களில் உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை ஒன்று இருந்தால், இன்று அடிக்கடி எழும் கேள்வி இதுதான்: "ஜேர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசமாமே, அனுப்பலாமா?"

கேள்வி நல்லதே. ஆனால் பதில் தெரியுமுன்பே நட்டஈட்டுப் பணத்தை முகவரிடம் கொடுப்பதும், எஞ்சிய காணியை அடகு வைப்பதும் நடக்கின்றன. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவது பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம் (லூக்கா 14). அந்த உவமைப்படி இந்தப் பாடத்தில் நாம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து வாசிப்பது நல்லது.

1. "இலவசம்" என்பதன் பொருள் என்ன?

ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை முதற் பட்டப்படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் அறவிடுவதில்லை. வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு அரையாண்டுக்கும் (அங்கே 'செமெஸ்டர்' என்பர்) ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் செலுத்த வேண்டும். இது பல இடங்களில் 100 யூரோ முதல் 400 யூரோ வரை இருக்கும். சில நகரங்களில் பஸ், ரயில் பயணச்சீட்டும் இதனுள் அடங்கும்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் செமெஸ்டருக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. ஹைடில்பெர்க், ஸ்ருட்கார்ட் முதலிய நகரங்கள் இம்மாநிலத்திலேயே உள்ளன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இலிருந்து இத்தகைய மாணவரிடம் கட்டணம் வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் கட்டணம் உண்டு.

ஜேர்மன் மொழி பேசும் ஏனைய நாடுகளுள் ஒஸ்திரியாவின் அரச பல்கலைக்கழகங்களில் எம்மவர் போன்றோருக்குச் செமெஸ்டருக்கு ஏறக்குறைய 727 யூரோ. சுவிற்சர்லாந்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் கட்டணம். வாழ்க்கைச் செலவோ ஜேர்மனியை விட மிக அதிகம்.

ஆகவே "இலவசம்" என்பது கற்பித்தலுக்கு மட்டுமே. சாப்பாடு, வாடகை, மருத்துவக் காப்புறுதி, பயணம் எல்லாம் நம்முடைய கையிலிருந்தே போக வேண்டும். இதை முதலில் மனதில் இருத்திக்கொள்வோம்.

2. உயர்தரச் சித்தி போதுமா?

வெளிநாட்டுச் சான்றிதழை எவ்வளவுக்கு மதிப்பது என்பதற்கு ஜேர்மனியில் 'அனபின்' என்ற அரச தரவுத்தளம் உண்டு. எந்தப் பாடங்களில், எத்தனை சித்திகளுடன் உயர்தரம் முடித்தார், அதன்பின் இங்கே பல்கலைக்கழகத்தில் படித்தாரா என்பதைப் பொறுத்து முடிவு வேறுபடும். நேரடி அனுமதிக்குத் தகுதி காணாத மாணவர் முதலில் 'ஸ்ரூடியன்கொலெக்' என்னும் ஆயத்தக் கல்லூரியில் படிக்க வேண்டும்.

இந்த ஆயத்தக் கல்லூரிப் படிப்பு வழமையாக இரண்டு செமெஸ்டர், அதாவது ஒரு வருடம். பொறியியலுக்கும் கணிதத்துக்கும் 'டி' பிரிவு, மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் 'எம்' பிரிவு, பொருளியலுக்கு 'டபிள்யூ' பிரிவு என்று பிரித்திருப்பார்கள். முடிவில் ஒரு தகுதிப் பரீட்சை. கவனிக்க வேண்டியது: உள்ளே நுழையவே ஒரு நுழைவுப் பரீட்சை உண்டு, அது ஜேர்மன் மொழியில் நடக்கும். அரச ஆயத்தக் கல்லூரிகளில் செமெஸ்டர் பங்களிப்போடு முடிந்துவிடும். தனியார் கல்லூரிகள் பல ஆயிரம் யூரோ கேட்கும்.

எனவே பட்டப்படிப்புக்கு மூன்று வருடம் என்று எண்ணுபவர், மொழிக்கு ஒரு வருடம், ஆயத்தக் கல்லூரிக்கு ஒரு வருடம் எனச் சேர்த்து ஐந்து வருடம் என்றே கணக்கிட வேண்டும்.

3. பத்திரங்கள் தொலைந்திருந்தால்?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு முதலாவது தடை இதுதான். ஏனைய வேலைகள் எல்லாவற்றுக்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள். இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஜேர்மனிக்குப் போகாவிட்டாலும் பயன்படும்.

பிறப்புச் சான்றிதழ்: பிறப்புப் பதிவான பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுக்கலாம். பதிவேடே அழிந்துபோயிருந்தால், பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தின் வழியே உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் வழிகாட்டுவார்; பங்கில் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால் அதன் பிரதியும் ஆதாரமாக உதவும்.

பரீட்சைச் சான்றிதழ்: சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து மீளப் பெறலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர்: நமக்குள் பெயர் எழுதும் முறை பலவிதம். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பின்னால், பாடசாலைப் பதிவில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் முழுப்பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கும். ஜேர்மன் அலுவலகம் இவற்றை வெவ்வேறு ஆட்களின் பத்திரங்கள் என்று கருதக்கூடும். திருத்தக் கூடியதைத் திருத்துங்கள். முடியாததற்கு, இரு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

உறுதிப்படுத்தல்: தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்திலோ ஜேர்மனிலோ மொழிபெயர்க்க வேண்டும். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு பத்திரங்களை உறுதிப்படுத்தும். இதற்குக் கொழும்புக்கே போக வேண்டியதில்லை. கண்டியிலும் பிராந்திய அலுவலகம் உண்டு.

எல்லாப் பத்திரத்துக்கும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைப் பொலித்தீன் உறையில் வீட்டிலும், மற்றதை நம்பிக்கையான வேறு இடத்திலும் வையுங்கள். வெள்ளத்தில் ஓடிவந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

4. ஜேர்மன் மொழி

முதுமாணிப் பட்டப்படிப்புகள் பல ஆங்கிலத்தில் நடக்கின்றன. முதற் பட்டத்திலோ ஆங்கில வழிப் படிப்பு குறைவு, பெரும்பாலும் ஜேர்மன்தான். மொழித் திறன் ஏ1 இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகளாக அளக்கப்படும். ஆயத்தக் கல்லூரிக்கு பி1 அல்லது பி2 தேவைப்படும். பல்கலைக்கழகப் படிப்புக்கு 'டெஸ்ட்டாஃப்' பரீட்சையில் எல்லாப் பகுதியிலும் 4 ஆம் நிலை, அல்லது 'டி.எஸ்.எச். 2', அல்லது அவற்றுக்கு ஒத்த சான்றிதழ் கேட்பார்கள்.

ஒன்றுமே தெரியாதவர் பி2 நிலையை அடைய 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவை என்று கோதே நிறுவனம் கணக்கிடுகிறது. அதாவது நாள்தோறும் உழைத்தாலும் ஒரு வருடத்துக்குக் குறையாது. "மூன்று மாதத்தில் பி2" என்று விளம்பரம் செய்பவரிடம் இந்த எண்ணிக்கையைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த மொழி நமக்கு முற்றிலும் அந்நியமன்று. ஆனால் பொருள்களுக்கும் அங்கே பால் உண்டு: மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், வீடு அஃறிணை. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. மறுபுறம், துணை வாக்கியங்களில் அவர்கள் வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பார்கள். ஆங்கிலம் பேசுபவர் திண்டாடும் இந்த இடத்தில், "நான் நாளை மாத்தளைக்குப் போவதால்" என்று பேசிப் பழகிய நமக்குச் சற்று இலகு.

கோதே நிறுவனம் கொழும்பில் வகுப்பும் பரீட்சையும் நடத்துகிறது. வகுப்புக்கும் கொழும்பில் தங்குவதற்கும் பணம் வேண்டும். ஆகவே ஏ1, ஏ2 நிலைகளை வீட்டிலிருந்தே தொடங்குவது நல்லது. ஜேர்மன் வானொலி-தொலைக்காட்சி நிறுவனமான டொய்ச்ச வெல்லே, 'நீக்கோஸ் வேக்' என்ற படத்தொடர்ப் பாடத்தை பி1 நிலை வரை கட்டணமின்றி இணையத்தில் தருகிறது. கைத்தொலைபேசி போதும். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து, பங்கு மண்டபத்தில் மாலையில் கூடிப் படித்தால் செலவும் குறையும், சலிப்பும் குறையும்.

இலங்கைத் திருச்சபைக்கும் இது புதிய பாடமன்று. 1687 இல் இங்கு வந்த புனித யோசப் வாஸ் அடிகளார் தமிழும் சிங்களமும் கற்றே பணிசெய்தார். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இரு மொழிகளிலும் நூல்கள் எழுதி, அகராதிகளும் தொகுத்தார். அந்நிய ஊரில் அலுவல் பார்க்க விரும்புகிறவருக்கு மொழியே முதல் முதலீடு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையின் உறுதியை அளக்க மொழியே சிறந்த தராசு. வீட்டிலிருந்து ஏ2 வரை தானாகவே படித்து முடித்த பிள்ளையை நம்பிச் செலவு செய்யலாம். ஒரு பாடமும் தொடங்காமல் "காசைக் கட்டினால் ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லும் பிள்ளையிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

5. விண்ணப்பம்

பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு விண்ணப்பங்களை 'யூனி-அசிஸ்ட்' என்ற பொது அமைப்பின் வழியே பெறுகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. மாரிகாலப் பருவத்துக்கு ஜூலை 15, கோடைகாலப் பருவத்துக்கு ஜனவரி 15 என்பன வழமையான இறுதித் திகதிகள். சில படிப்புகளுக்கு இதற்கும் முன்னரே முடிந்துவிடும்.

தமிழ்நாட்டிலுள்ள உறவினரோ இணையக் காணொளிகளோ 'ஏ.பி.எஸ்.' சான்றிதழ் கட்டாயம் என்று சொல்லக்கூடும். அது இந்திய மாணவருக்கு 2022 இலிருந்து வந்த விதி. இலங்கைச் சான்றிதழ் உள்ளவரிடம் அது கேட்கப்படுவதில்லை. அதற்கென்று எவரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

6. காட்ட வேண்டிய பணம்

விசா பெறுவதற்கு, முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைத் தூதரகத்துக்குக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து இத்தொகை மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ. இது 'ஸ்பெர்கொன்டோ' என்னும் முடக்கப்பட்ட கணக்கில் பிள்ளையின் பெயரில் இடப்படும். அங்கே சேர்ந்த பின் மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். தொகை காலத்துக்குக் காலம் உயர்த்தப்படுவதால், விண்ணப்பிக்கும்போது தூதரகத்தின் அறிவித்தலைப் பாருங்கள்.

ஒரு யூரோ 350 ரூபா என்று வைத்துக் கணக்கிடுவோம்:

முடக்கப்பட்ட கணக்கு, 11,904 யூரோ: 41 இலட்சத்து 66 ஆயிரத்து 400 ரூபா.
மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம், 135 யூரோ: 47 ஆயிரத்து 250 ரூபா.
விசாக் கட்டணம், 75 யூரோ: 26 ஆயிரத்து 250 ரூபா.
இவற்றுடன் மொழி வகுப்பு, பரீட்சைக் கட்டணம், மொழிபெயர்ப்பு, விமானச்சீட்டு, குளிர்கால உடை.

முடக்கப்பட்ட கணக்கிலுள்ள பணம் பிள்ளையின் பணமே. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்கும். எனவே அந்தப் பணம் எந்தக் காரணத்துக்காகவும் முகவரின் கணக்குக்குப் போகக் கூடாது. இனி, அது முதல் வருடத்துக்கு மட்டுமே. இரண்டாம் வருடம் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் வாழ்வதற்கு வழி காட்ட வேண்டும்.

உறவினர் பொறுப்பேற்க முடியுமா? முடியும். ஜேர்மனியில் போதிய வருமானத்துடன் வாழும் ஒருவர், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் ஒன்றில் கையொப்பமிடலாம். ஆவணி மாதத்தில் கேவலார் அன்னையின் திருத்தலத்தில் ஆயிரக்கணக்கில் கூடும் எம்மவருள் நமக்கும் உறவினர் இருக்கக்கூடும். ஆனால் அந்தக் கையொப்பம் ஐந்து வருடம் வரை கட்டுப்படுத்தும். பிள்ளைக்கு அரசு செலவழித்தால் அதைக் கையொப்பமிட்டவரிடமிருந்து அறவிடும். சித்தப்பாவிடமோ மாமாவிடமோ கேட்குமுன் இதை ஒளிக்காமல் சொல்லிக் கேளுங்கள். உறவு முறிந்தால் எந்தப் பட்டமும் அதை ஒட்டாது.

காணி பற்றி: குடியேற்றத் திட்டத்தில் அனுமதிப்பத்திரத்தின் கீழ் கிடைத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்கவோ கைமாற்றவோ சட்டம் இடங்கொடாது. அனுமதிப்பத்திரத்தைக் கடன்காரரின் கையில் கொடுத்து வட்டிக்குப் பணம் வாங்குவது, ஒரு முறை இழந்த காணியை இரண்டாம் முறையும் இழக்கும் வழி.

7. வேலை செய்து படிக்கலாமா?

2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர் வருடத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. வாரம் 10 மணி நேரம் வேலை கிடைத்தால் மாதம் ஏறக்குறைய 556 யூரோ. மாதச் செலவான 992 யூரோவில் பாதியைச் சற்றுத் தாண்டும். மாணவர் மருத்துவக் காப்புறுதிக்கு மட்டும் மாதம் 140 யூரோவுக்கு மேல் போய்விடும். அறை வாடகை நகருக்கு நகர் மாறும்.

மொழி தெரியாதவருக்கு முதல் மாதங்களில் வேலை கிடைப்பது கடினம். வேலையே பெரிதாகி, பரீட்சையில் தவறி, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாமல் போகும் ஆபத்தும் உண்டு. ஆகவே வேலைச் சம்பளத்தைத் துணையாகக் கொள்ளலாம். அதை மட்டும் நம்பிப் புறப்படலாகாது. "போய் மூன்றாம் மாதமே வீட்டுக்குப் பணம் அனுப்புவேன்" என்ற பேச்சை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

8. நமக்கு ஏற்ற வழி எது?

கடனில்லாத ஒரு வழி உண்டு: முதற் பட்டத்தை இங்கே முடித்து, முதுமாணிப் படிப்புக்குப் புலமைப்பரிசிலோடு போவது.

பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடம் போன்ற அரச பீடங்களில் கற்பித்தற் கட்டணம் இல்லை. மகாபொல உதவியும் உண்டு. பட்டம் பெற்று இரண்டு வருடம் தொழில் அனுபவமும் உள்ளவருக்கு, 'டாட்' என்னும் ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை வளரும் நாடுகளுக்கென்று தனியான புலமைப்பரிசில் திட்டம் நடத்துகிறது. முதுமாணி மாணவருக்கு மாதம் 992 யூரோ வழங்கும் இச்சேவை, பயணத்துக்கும் காப்புறுதிக்கும் உதவுகிறது. முடக்கப்பட்ட கணக்கும் வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 'காட்' நிறுவனமும் பொன் நகரிலிருந்து முதுமாணி, கலாநிதிப் படிப்புகளுக்கு உதவுகிறது. படித்தவர் நாடு திரும்பிப் பணிசெய்வதை அது எதிர்பார்க்கிறது. அதன் நாட்டுப் பட்டியலையும் நிபந்தனைகளையும் பார்த்தபின் விண்ணப்பியுங்கள்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளை என்பது இங்கே குறையன்று, தகுதி. கோட்டிங்கன் பல்கலைக்கழகமும், கஸல் பல்கலைக்கழகத்தின் வித்சன்ஹவுசன் வளாகமும் சேர்ந்து நிலைபேறான சர்வதேச விவசாயம் பற்றிய முதுமாணிப் படிப்பை ஆங்கிலத்தில் நடத்துகின்றன. பொன் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய விவசாயத்துக்கென்றே ஒரு படிப்பு உண்டு.

ஸ்ருட்கார்ட் நகரிலுள்ள ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தின் வரலாறு நமக்கு நெருக்கமானது. 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816 இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் அழிந்தது, மக்கள் பசியால் மடிந்தார்கள், பலர் ஊரை விட்டே போனார்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பின்னர், 1818 இல் வூர்ட்டம்பெர்க் மன்னர் முதலாம் வில்ஹெல்ம் ஹோஹன்ஹைமில் விவசாயக் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். நிலத்தில் அடிபட்ட மக்களுக்காகத் தொடங்கிய படிப்பு அது. (இது கட்டணம் அறவிடும் மாநிலத்தில் உள்ளது என்பதையும் மறக்க வேண்டாம்.)

பல்கலைக்கழகம் எல்லாருக்கும் பொருந்தாது. 'அவுஸ்பில்டுங்' எனப்படும் தொழிற்பயிற்சியில் தாதியர் பணி, இயந்திரவியல், வெதுப்பகத் தொழில் போன்றவற்றை மாதாந்தக் கொடுப்பனவோடு கற்கலாம். அதற்கும் ஜேர்மன் மொழியும், பயிற்சி தரும் நிறுவனத்துடனான ஒப்பந்தமும் வேண்டும்.

9. முகவரிடம் கேட்க வேண்டியவை

முகவர் எல்லாரும் ஏமாற்றுபவர் அல்லர். ஆனால் நம் பத்திரங்களை நாமே அனுப்ப முடியும் என்பதை அறிந்து பேசுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்; அது அரசினதா, தனியாரினதா என்று கேளுங்கள். அனுமதிக் கடிதம் நேரடியாகப் பிள்ளையின் மின்னஞ்சலுக்கு வர வேண்டும். மூலப் பத்திரங்களையும் கடவுச்சீட்டையும் அவரிடம் விட்டுவராதீர்கள். ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். "விசா நிச்சயம்" என்று சொல்பவரை விட்டு விலகுங்கள்; விசாவைத் தூதரகம் மட்டுமே தீர்மானிக்கும்.

10. ஒழுங்கு முறை

முதலில் பத்திரங்கள். இரண்டாவது மொழி. மூன்றாவது விண்ணப்பமும் அனுமதியும். நான்காவது பணம். ஐந்தாவது விசா. இந்த ஒழுங்கில் போனால், எந்தப் படியில் நின்றாலும் குடும்பம் காணியை இழக்காது. பிள்ளையின் கையில் சீரான பத்திரமும் ஒரு மொழியும் மிஞ்சும். ஒழுங்கை மாற்றிப் பணத்தை முதலில் வைத்தால், பிள்ளை போகாமலே கடன் மட்டும் வந்து சேரும்.

குழுவாகக் கலந்துரையாட:

அ. நமது குடும்பத்தில் எந்தெந்தப் பத்திரங்கள் இல்லை? யார், எந்த நாளில் அவற்றை எடுக்கப் போவார்?
ஆ. 41 இலட்சத்து 66 ஆயிரம் ரூபாவை நாம் காட்ட வேண்டுமானால் அது எங்கிருந்து வரும்? அதை இழந்தால் ஏனைய பிள்ளைகளின் நிலை என்ன?
இ. நமது பங்கில் ஜேர்மன் மொழி படிக்க விரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர்? கூடிப் படிக்க இடமும் நேரமும் ஒதுக்க முடியுமா?
ஈ. இங்கே பட்டம் முடித்துப் பின்னர் போவதா, இப்போதே போவதா? பிள்ளை சொல்லும் காரணத்தைப் பெற்றோரும், பெற்றோர் சொல்லும் காரணத்தைப் பிள்ளையும் ஒருமுறை தம் வாயால் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.